துப்பாக்கி அலமாரியின் சாவி வாரிசு கைக்கு வரும்போது

1881 ஜூலை 14-ஆம் தேதி இரவு, நியூ மெக்சிகோவில் ஃபோர்ட் சம்னர் என்ற ஊரில், பில்லி த கிட் என்று பெயர்பெற்ற இளம் கொள்ளைக்காரனை ஷெரிஃப் பாட் காரெட் சுட்டுக் கொன்றார். சுடப் பயன்பட்ட ரிவால்வரை அவர் கடையில் வாங்கவில்லை. முந்தைய டிசம்பரில் பில்லியின் கூட்டாளி ஒருவனைப் பிடித்தபோது அவனிடமிருந்து கைப்பற்றியது அது. கோல்ட் நிறுவனத்தின் ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ வகை, ஏழரை அங்குலக் குழல், வரிசை எண் 55093. பிற்காலத்தில் எல் பாசோ நகரில் டாம் பவர்ஸ் என்பவர் நடத்திய மதுக்கடைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே வாடிக்கையாளர்கள் பார்க்கும் காட்சிப்பொருளாக இருந்தது. 1908-ல் காரெட்டே சுட்டுக் கொல்லப்பட்டார். பவர்ஸும் இறந்தபின், அவருடைய சொத்தை நிர்வகித்தவர்கள் மீது காரெட்டின் மனைவி அப்போலினாரியா வழக்குப் போட்டார். 1930களில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. துப்பாக்கியும் வீடு வந்தது.

2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் பான்ஹாம்ஸ் நிறுவனம் அதை ஏலம் விட்டபோது 20 முதல் 30 லட்சம் டாலர் போகும் என்று கணித்திருந்தது. போனது 60 லட்சத்துக்கும் மேல். அதே ஆலையில் அதே ஆண்டுகளில் செய்யப்பட்டு, அதே அளவு தேய்ந்த வேறொரு ரிவால்வரைச் சில ஆயிரம் டாலருக்கு வாங்கிவிடலாம். இரும்பில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. மிச்சமுள்ள விலை முழுவதும் அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற விவரத்துக்கு, அதுவும் எழுத்தில் உள்ள விவரத்துக்குக் கிடைத்தது. தன் கணவரின் துப்பாக்கிக்காக ஒரு விதவை நீதிமன்றம் ஏறாமல் இருந்திருந்தால் அந்த எழுத்தில் பெரும்பங்கு இருந்திருக்காது.

இப்படிப்பட்ட எழுத்து இல்லாமல் போவது அமெரிக்காவில் இன்று ஒரு தலைமுறையின் பிரச்சினை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே பழைய துப்பாக்கிகள் மலிவாகக் கிடைத்தன. சம்பளக்காரர்கூட மாதம் ஒன்று வாங்க முடிந்தது. 1950களிலும் 60களிலும் சேர்க்கத் தொடங்கியவர்கள் இப்போது வரிசையாக இறந்துகொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வேறு மாநிலங்களில் இருக்கிறார்கள். இரும்பு அலமாரியைத் திறந்தால் ஐம்பது, நூறு, சில வீடுகளில் முந்நூறு துப்பாக்கிகள். எது எது என்று தெரியாது. “இதெல்லாம் எவ்வளவு பெறும்?” என்பதுதான் அவர்கள் வாயில் முதலில் வரும் கேள்வி. அது தவறான கேள்வி இல்லை, ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியது, “அப்பா இதை ஏன் வாங்கினார்?” என்பது. ஒரு சேகரிப்பின் விலையில் கணிசமான பங்கு சேகரித்தவரின் தலைக்குள் இருக்கிறது. எழுதிவைக்காமல் அவர் கண்ணை மூடினால் அந்தப் பங்கு அவரோடு போய்விடும். பிறகு எந்த மதிப்பீட்டாளராலும் அதை முழுசாக மீட்க முடியாது.

முதலில், பழசு என்றாலே விலை என்ற நம்பிக்கையைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஐவர் ஜான்சன், ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் போன்ற நிறுவனங்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மடக்கித் திறக்கும் சிறு ரிவால்வர்களை லட்சக்கணக்கில் செய்து தள்ளின. பாட்டியின் தலையணைக்குக் கீழே இருந்தது பெரும்பாலும் இந்த ரகம்தான். நூற்றிருபது வயதாகியும் ஓர் இரவு விடுதி வாடகைக்கு மேல் பெறாதவை உண்டு. இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் கதை இன்னும் வேடிக்கையானது. இங்கிலாந்தின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் மகாராஜாக்களுக்கே துப்பாக்கி செய்துகொடுத்த நிறுவனம். அதன் புகழில் குளிர்காய, பெல்ஜியத்தில் செய்த மலிவுத் துப்பாக்கிகளில் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று பொறித்து அமெரிக்க இரும்புக்கடைகளுக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவிலேயே கிரெசன்ட் என்ற ஆலை, கடைக்காரர் கேட்ட பெயரையெல்லாம் பொறித்துக் கொடுத்தது. குழலில் பட்டுச்சேலைக் கரைபோல ஓடும் டமாஸ்கஸ் வரிகளைப் பார்த்துவிட்டுப் பேரன் மயங்குகிறான். அவன் கையில் இருப்பது சுவரில் மாட்டி அழகு பார்க்க வேண்டிய சரக்கு. இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கையைக் கொண்டுபோகலாம்.

பெயர் உண்மையாகவே பெரிதாக இருந்தாலும் போதாது. கனெக்டிகட் மாநிலம் மெரிடனில் இயங்கிய பார்க்கர் சகோதரர்களின் இரட்டைக் குழல்கள் அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிகளில் மிக மதிக்கப்படுபவை. 1934-ல் ரெமிங்டன் அந்தத் தொழிலை வாங்கியது. ஒரே பார்க்கர் முத்திரையின் கீழ், எளிய விவசாயிக்கான ட்ரோஜன் ரகமும் இருக்கிறது, செதுக்கு வேலைப்பாட்டில் மூழ்கிய ஏ-1 ஸ்பெஷலும் இருக்கிறது. விலையில் நூறு மடங்கு இடைவெளி விழும். துளை அளவும் கணக்கில் வரும். பெருவாரியாகச் செய்யப்பட்ட 12 கேஜைவிட, துளை சிறிய, ஆர்டர் கொடுத்தவர்கள் குறைவாக இருந்த 28 கேஜும் .410-உம் பலமடங்கு விலைபோகும். அலமாரியில் இருப்பதிலேயே சின்னதாக, விளையாட்டுச் சாமான்போல் தெரிவதை, “இதை நீயே வைச்சுக்கோ” என்று பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

அடுத்தது சுத்தம். நம் வீட்டில் பண்டிகைக்கு முன் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்போம். அப்பா போன பிறகு, பொறுப்புள்ள மகள் அதே நல்லெண்ணத்தோடு எஃகு நாரை எடுத்துத் துப்பாக்கிகளை உட்கார்ந்து தேய்த்தாள் என்றால், ஒரு பிற்பகலில் ஒரு கார் விலையை அழித்துவிட முடியும். பழந்துப்பாக்கி உலகில் விலையைத் தீர்மானிப்பது ஆலையில் ஏற்றிய மூல மெருகு எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்பது. எஃகின் மேல் ஆலையில் ஏற்றிய நீலப்பூச்சு, உடற்பகுதியில் நெருப்பாலும் எலும்புக்கரியாலும் வரவழைத்த வண்ணத் திட்டுகள், வால்நட் மரத்தின் பழைய எண்ணெய்: இவை ஒருமுறை போனால் போனவைதான். மறுபடி நீலம் பூசிய கோல்ட் பார்க்கப் புதிதாக இருக்கும். விளிம்புகள் மழுங்கி, எழுத்துகள் கரைந்து, திருகுத் துளைகள் தட்டுப்போல் குழிந்திருப்பதைத் தெரிந்தவர் கண் உடனே பிடித்துவிடும். விலை பாதிக்கும் கீழே இறங்கும். பழுப்பேறி, சொரசொரத்து, அசிங்கமாகக் கிடப்பது அதைவிட மேல்.

இங்கே வாரிசைக் குழப்பும் இன்னொரு சங்கதி, தரப்பெயர்கள். அமெரிக்க தேசிய ரைஃபிள் சங்கம் வகுத்த தரவரிசையை அந்நாட்டு வியாபாரிகள் பரவலாகப் பின்பற்றுகிறார்கள். ஆனால் அது ஒன்றில்லை, இரண்டு. நவீனத் துப்பாக்கிக்கு ‘மிக நன்று’ என்றால் துருவே இருக்கக்கூடாது, மேற்பரப்பில் சிறு கீறல்கள் மட்டும் பரவாயில்லை. பழந்துப்பாக்கிக்கு ‘மிக நன்று’ என்றால் எல்லா உறுப்புகளும் மூலமானவை, மூல மெருகு 30 சதவீதம் வரை. அறவே இல்லாமலும் இருக்கலாம். 80 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருந்தால் ‘உன்னதம்’. ஒரே சொல், இரு அட்டவணைகளில் இரு பொருள். 1890-ல் செய்த துப்பாக்கியை நவீன அட்டவணையில் வைத்து ‘ஒன்றுக்கும் உதவாதது’ என்று சொல்லி வாங்குகிறவரும், அதே பொருளை மறுநாள் பழந்துப்பாக்கி அட்டவணைக்கு மாற்றி விற்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் நாம் வியக்க வேண்டியதில்லை.

உறுப்புகள் மூலமானவையா என்பதை எண்கள் சொல்லும். ஜெர்மன் ராணுவ லூகர் கைத்துப்பாக்கியில் முழு வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சின்னச்சின்ன உறுப்புகளிலும் பொறித்திருப்பார்கள். எல்லாம் ஒத்துவந்தால் ஒரு விலை. ஒரே ஒரு ஊசி மாறியிருந்தால் வேறு விலை. தோட்டாக்கள் அடுக்கும் மேகசினின் எண்ணும் ஒத்துவந்தால் வியாபாரி குரலைத் தாழ்த்திக்கொள்வார். போரிலிருந்து சிப்பாய் தானே கொண்டுவந்ததற்கு, மேலதிகாரி கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள் உண்டு. அந்தத் தாள் பழைய கடிதக் கட்டில் கிடக்கும். வீட்டைக் காலி செய்யும்போது பழைய பேப்பரோடு போகும். 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வந்த உபரித் துப்பாக்கிகளில் இறக்குமதியாளர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தச் சிறு எழுத்துகள் இருந்தால் ‘தாத்தா போரில் எடுத்து வந்தார்’ என்ற குடும்பக் கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

போருக்குப் பிறகு அமெரிக்க அரசே உபரி ஸ்பிரிங்ஃபீல்டு 1903, என்ஃபீல்டு ரைஃபிள்களை மலிவாக விற்றது. வாங்கியவர்கள் மான் வேட்டைக்கு வசதியாக மரக்கட்டையை அறுத்து, குழலைக் குறுக்கி, தொலைநோக்கி பொருத்தத் துளைபோட்டார்கள். அன்றைக்கு அது மேம்பாடு. தச்சுவேலையில் கெட்டிக்காரரான ஒருவர் குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து இழைத்த அந்த வேட்டை ரைஃபிளுக்கு இன்று, தொடாமல் கிடந்திருந்தால் கிடைத்திருக்கும் விலையில் சிறு பகுதிதான் வரும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது கடினம். அவர் கைவேலையே அவர் பொருளின் விலையைக் குறைத்தது என்று யார் வாயால் சொல்வது? ஆனால் சொல்லத்தான் வேண்டும். அதே 1903 ரகத்தில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 8,00,000-க்கும், ராக் ஐலண்டு ஆலையில் 2,85,507-க்கும் கீழான வரிசை எண் கொண்டவை, எஃகைப் பதப்படுத்தியதில் நேர்ந்த கோளாறால் சுடுவதற்கு ஆபத்தானவை என்று பல பத்தாண்டுகளாக ஒதுக்கப்பட்டவை. சேகரிப்பில் அவற்றுக்கு இடம் உண்டு. சுடும் களத்தில் இல்லை.

நேர்மாறான ஏமாற்றம் நினைவுப் பதிப்புகள். வின்செஸ்டர் என்ற ரைஃபிள் நிறுவனம் 1964-லிருந்து ஏதேனும் ஒரு மாநிலத்தின் ஆண்டுவிழா, ஒரு வீரரின் பெயர் என்று தங்கமுலாம் பூசிய ரைஃபிள்களை அழகான பெட்டியில் வைத்து விற்றது. 1966-ல் நிறுவன நூற்றாண்டுக்கு வந்தது மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். சேகரிப்போருக்காகவே செய்த பொருளை எல்லாரும் பத்திரமாக வைத்தார்கள். எல்லாரும் பத்திரமாக வைத்ததால் அரிதாகவே இல்லை. பெட்டியைப் பிரித்து ஒரு தோட்டா சுட்டிருந்தால், சாதாரண வேட்டை ரைஃபிளின் விலைதான். வேடிக்கை என்னவென்றால், அதே 1964-ல் வின்செஸ்டர் செலவைக் குறைக்கத் தன் வழக்கமான துப்பாக்கிகளின் செய்முறையை மாற்றியது. அதற்கு முந்தைய சாதாரண மாடல் 70 வேட்டை ரைஃபிளை ‘64-க்கு முந்தையது’ என்று தனியாகவே பெயர் சொல்லித் தேடி வாங்குகிறார்கள். தங்கமுலாம் பூசியது அலமாரியின் முன்வரிசையில் நிற்கும். சேறுபட்ட மாடல் 70 கொட்டகையில் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும்.

காகிதத்துக்கு வருவோம். வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் ஆலையின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. எல்லா மாடலுக்கும் எல்லா எண்ணுக்கும் இல்லை. இருப்பவற்றுக்கு, வரிசை எண்ணைச் சொன்னால் அந்த ரைஃபிள் எந்த நாளில், எந்த வடிவில் ஆலையை விட்டுப் புறப்பட்டது என்று கடிதம் தருகிறார்கள். கோல்ட் தன் ஆவணக்காப்பகத்திலிருந்து இப்படிக் கடிதம் தருகிறது. பார்க்கருக்கு அதன் சேகரிப்போர் சங்கம் தருகிறது. குழல் பிற்காலத்தில் மாற்றப்பட்டதா, வெள்ளிப்பூச்சு ஆலையில் ஏறியதா, யாரோ ஊரில் ஏற்றியதா என்பது இந்த ஒரு தாளில் தீரும். கோல்ட் ராணுவ ரிவால்வர்களில் ஓ.டபிள்யூ.ஏ. என்ற எழுத்துகள், பரிசோதகர் ஐன்ஸ்வொர்த்தின் முத்திரை, இருந்தால் அது 1876-ல் லிட்டில் பிக்ஹார்ன் சண்டைக்குக் கஸ்டர் என்ற அமெரிக்கத் தளபதியின் படையோடு போயிருக்கக்கூடிய தொகுதி என்பதால் விலை எகிறும். எகிறுவதால் போலி முத்திரையும் ஏராளம். அந்தத் துறையில் வாழ்நாளைச் செலவிட்ட நிபுணரின் சான்று இல்லாமல் எவரும் பணத்தை எண்ணி வைக்க மாட்டார்கள்.

வீட்டில் இருப்பது என்ன என்றே தெரியாமல் வைத்திருந்தவர்களுக்கு நல்ல உதாரணம் ‘ஆயிரத்தில் ஒன்று’. வின்செஸ்டர் 1875-ல் தன் பட்டியலில் அறிவித்தது: சோதனையில் மிகத் துல்லியமாகச் சுடும் குழல்களைத் தனியே எடுத்து, சிறப்பாக மெருகேற்றி, அந்தப் பெயரைப் பொறித்து 100 டாலருக்குத் தருவோம். மாடல் 1873 மொத்தம் ஏழு லட்சத்துக்கு மேல் உற்பத்தியானது. அதில் இந்தச் சிறப்பு ரகம் சுமார் 130 மட்டுமே. 1950-ல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த ‘வின்செஸ்டர் 73’ படத்துக்கு விளம்பரம் தேடிய யூனிவர்சல் நிறுவனம், இப்படி ஒன்று யாரிடமாவது இருக்கிறதா என்று நாடு முழுக்க அறிவித்தது. பண்ணை வீடுகளிலிருந்தும் பழைய அலமாரிகளிலிருந்தும் பல வெளிவந்தன. சினிமா விளம்பரம் செய்த ஒரே நல்ல தொல்லியல் பணி இதுவாகத்தான் இருக்கும்.

ஏட்டுக்கும் எல்லை உண்டு. 2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஒரு ஜூனிபர் மரத்தில் சாய்ந்தபடி மாடல் 1873 ரைஃபிள் ஒன்று கிடைத்தது. மரக்கட்டை வெளுத்து வெடித்து, அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது. கோடியில் உள்ள பேரேடு அது 1882-ல் ஆலையிலிருந்து அனுப்பப்பட்டது என்று சொன்னது. யாருக்கு அனுப்பினார்கள், யார் அங்கே சாய்த்துவிட்டுப் போனார் என்பதைச் சொல்லவில்லை. ஆலை தன் வாசல்வரை எழுதும். அதற்கு மேல் உடையவர்தான் எழுத வேண்டும்.

தாள் இருந்தால் சொத்து, இல்லையென்றால் சிறை என்ற அளவுக்கு இது கடுமையாகும் இடம் இயந்திரத் துப்பாக்கி. 1934-ல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம், இயந்திரத் துப்பாக்கி, குறுங்குழல் துப்பாக்கி முதலியவற்றைப் பதிவுசெய்யச் சொல்லி, கைமாற்றத்துக்கு 200 டாலர் வரி வைத்தது. தாம்ஸன் ரக இயந்திரத் துப்பாக்கியின் விலையே அன்று அந்த அளவுதான். பதிவில்லாமல் இருந்தவர்களுக்கு 1968 நவம்பரில் ஒரு மாத மன்னிப்புக் காலம் கொடுத்தார்கள். 1986 மே மாதத்தோடு, தனியாருக்கென்று புதிய இயந்திரத் துப்பாக்கிகளைப் பதிவேட்டில் ஏற்றுவது நின்றுபோனது. தேவை வளர, எண்ணிக்கை உறைந்துவிட, பதிவுள்ள தாம்ஸன் இன்று பல்லாயிரக்கணக்கான டாலர் பெறுகிறது. சட்டப்படியான வாரிசுக்கு இறந்தவர் பெயரிலிருந்து மாற்ற வரியும் கிடையாது, அனுமதிப் படிவம் மட்டும் போதும். அதே தாம்ஸன் பதிவுத்தாள் இல்லாமல் மாடியறையில் கிடந்தால் அதன் விலை பூஜ்யம். இப்போது போய்ப் பதிவுசெய்ய வழியில்லை. வைத்திருப்பது பத்தாண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். போர்முடிவில் குழலை அடைத்துச் செயலிழக்கச் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்த நினைவுச்சின்னத் துப்பாக்கிகளும் 1968 முதல் இதே வலைக்குள் வந்தன; “அது சுடாதே, பொம்மைதானே” என்று கணப்புக்கு மேலே மாட்டிவைத்திருக்கும் குடும்பங்கள் இதை அறிவதில்லை. கைத்துப்பாக்கி அளவே உள்ள சில பழைய ஷாட்கன்களும் இந்தச் சட்டத்தில் அடங்கும். இப்படி ஏதேனும் கண்ணில் பட்டால் காரில் போட்டுக்கொண்டு விலை விசாரிக்கப் போகக்கூடாது. முதலில் வழக்கறிஞர், அப்பாவின் பத்திரக் கட்டு, பிறகுதான் மற்றது.

1898-லோ அதற்கு முன்போ செய்தவை கூட்டாட்சிச் சட்டத்தில் ‘பழம்பொருள்’. பெரும்பாலும் கட்டுப்பாடில்லாமல் கைமாறலாம். 50 ஆண்டு கடந்தவற்றுக்குச் சேகரிப்போர் உரிமம் என்று தனி ஏற்பாடு இருக்கிறது. மாநிலச் சட்டங்கள் இவற்றுக்கு மேல் தம் பங்குக்குக் கட்டும் முடிச்சுகள் பல.

‘சரியான விலை’ என்று ஒன்று இருப்பதாக நினைப்பதில்தான் குடும்பச் சண்டைகள் தொடங்குகின்றன. அமெரிக்க வருமான வரித்துறைக்கு வேண்டியது நியாயச் சந்தை மதிப்பு: கட்டாயம் எதுவுமில்லாத வாங்குபவரும் விற்பவரும், விவரம் தெரிந்து ஒப்புக்கொள்ளும் விலை. காப்பீட்டுக்காரர் கேட்பது, அதேபோல் ஒன்றைக் கடையில் வாங்க ஆகும் செலவு. இது எப்போதும் உயரே நிற்கும். ஆண்டுதோறும் வரும் ‘ப்ளூ புக்’ போன்ற விலைநூல்கள் சொல்வது கடைவிலை. வியாபாரி வாசலில் நின்று ரொக்கமாகத் தருவது அதில் பாதியோ சற்று மேலோ. அவருக்குக் கடைவாடகையும் லாபமும் வேண்டும், அதில் அநியாயம் ஒன்றுமில்லை. ஏலத்தில் சுத்தியல் விழும் தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் கட்டுவார். அதற்குள்ளிருந்து விற்பவர் கழிவு கொடுப்பார். செய்தியில் வரும் தொகை வாரிசின் வங்கிக் கணக்குக்கு வருவதில்லை. அண்ணன் காப்பீட்டு மதிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, தங்கை வியாபாரியின் சீட்டைக் காட்ட, இருவரும் ஒருவரை ஒருவர் பொய்யர் என்பார்கள். இருவர் கையில் இருப்பதும் மெய்தான்.

வரிக்குப் பயந்து மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லும் உறவினர்களும் உண்டு. பெரும்பாலான குடும்பங்களுக்கு அது தன் காலில் தானே சுட்டுக்கொள்வது. கூட்டாட்சி மரபுரிமை வரி 2025-ல் 1.399 கோடி டாலருக்கு மேற்பட்ட சொத்துக்குத்தான் இருந்தது. ஆனால் வாரிசு பின்னால் விற்கும்போது லாபம் கணக்கிடப்படுவது, அப்பா வாங்கிய விலையிலிருந்து இல்லை. அவர் இறந்த நாளின் மதிப்பிலிருந்து. 1965-ல் 200 டாலருக்கு வாங்கிய ஒரு பார்க்கர், அவர் இறந்த நாளில் 8,000 பெறுமானமுள்ளது என்று வைத்துக்கொள்வோம். அன்றே தகுதியுள்ளவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கிவைத்தால், மறு ஆண்டு 8,500-க்கு விற்றவருக்கு 500 மட்டுமே லாபம். 1,000 என்று எழுதியிருந்தால் 7,500-க்கு வரி. சேகரிப்புப் பொருளுக்கான வீதம் 28 சதவீதம் வரை போகும்.

விலைகள் நின்ற இடத்தில் நிற்பவையும் இல்லை. 2003 வாக்கில் நேபாளத்தின் பழைய அரச ஆயுதக் கிடங்கிலிருந்து 50,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை இரண்டு அமெரிக்க வணிக நிறுவனங்கள் வாங்கின. கிழக்கிந்தியக் கம்பெனி வடிவில் செய்த மஸ்கெட்டுகளும் மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்களும் குவியலாகச் சந்தைக்கு வந்தன. அதுவரை ஒன்றை அரிதென்று போற்றியவர் கணக்கு ஒரே கப்பல் சரக்கில் மாறியது. ரசனையும் மாறுகிறது. தொலைக்காட்சியில் கௌபாய்த் தொடர்கள் பார்த்து வளர்ந்த சிறுவர்களுக்கு இப்போது எண்பது வயது; அவர்களோடு நடுத்தர ரக வின்செஸ்டர்களுக்கான ஆவலும் தேய்கிறது என்பது என் கணிப்பு. அதே சமயம் கோல்ட் பைதன், 1955-ல் பிறந்த ஒரு ரிவால்வர், ஒரு பேய்த் தொடரின் கதாநாயகன் இடுப்பில் தொங்கியபின் இளையவர்களிடையே எகிறியது. அப்பா தன் உயிர் என்று நினைத்தது இறங்கியிருக்கும். போகிறபோக்கில் வாங்கிப் போட்டது ஏறியிருக்கும்.

மதிப்பு அறியாத வாரிசின் கையில் என்ன நேரும் என்பதற்கு நம் மண்ணிலேயே பெரிய சாட்சி உண்டு. தஞ்சை மராத்திய மன்னர் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இன்றி மறைந்தார். அரண்மனை ஆயுதசாலை பிரிட்டிஷார் பொறுப்பில் வந்தது. 1860களில் அதைக் கலைத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்துக்கென்று கொஞ்சம் பொறுக்கி எடுத்தபின், எஞ்சிய வாள், ஈட்டி, குத்துவாள் எல்லாம் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகப் போயின. அதைப் பற்றிப் பின்னர் எழுதிவைத்தவர் வால்ஹவுஸ் என்ற அதிகாரி. எழும்பூரில் இன்று நாம் பார்க்கும் தஞ்சை ஆயுதங்கள் அந்தப் பொறுக்கலில் தப்பியவை. எதைப் பொறுக்குவது என்று அன்று சொல்லக்கூடிய அரண்மனைப் பணியாளர் யாரும் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை. இன்றைய இந்தியச் சட்டமோ சேகரிப்புக்கு அதிக இடம் வைக்கவில்லை: 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, பரம்பரையாக வந்தாலும் அதே வரம்புதான்.

ஆகவே அலமாரியின் சொந்தக்காரர் உயிரோடு இருக்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். வரிசை எண், வாங்கிய தேதி, கொடுத்த பணம் எல்லாம் அவசியம்தான். ஆனால் அவற்றை வேறொருவரும் கண்டுபிடித்துவிடலாம். அவர் மட்டுமே எழுதக்கூடியது வேறு. இதை யாரிடமிருந்து வாங்கினேன், அவர் என்ன சொன்னார், அவர் சொன்னதை நான் நம்பினேனா. இதன் மரக்கட்டை 1971-ல் நான் மாற்றியது, பழையது கொட்டகையில் பரண்மேல் இருக்கிறது. இந்தப் பெட்டி இந்தத் துப்பாக்கியுடையது, பிரித்துவிடாதே. இது போலி, கற்றுக்கொள்ள வைத்திருக்கிறேன், நல்லதென்று சொல்லி யாருக்கும் விற்றுவிடாதே. இந்த மூவரில் யாரையாவது கூப்பிட்டு யோசனை கேள். இந்த ஒருவரை மட்டும் வீட்டுக்குள் விடாதே. ஒரு வரிக்குக் கீழே “விலை 150 டாலர், ஆனால் உன் தாத்தா முதல் மான் அடித்தது இதில்” என்று இருந்தால், அதை விற்பதா வேண்டாமா என்று பிள்ளைகள் முடிவெடுத்துக்கொள்வார்கள்.

நோட்டு இல்லாமல் சாவி மட்டும் கைக்கு வந்தவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒவ்வொன்றும் காலியாக இருக்கிறதா என்று தெரிந்தவரை வைத்துப் பார்க்க வேண்டும். வாய்வழி மருந்திடும் பழந்துப்பாக்கிகளில் நூறாண்டு பழைய மருந்தே கிட்டித்துக் கிடக்கலாம். துடைக்கக்கூடாது, சுட்டுப் பார்க்கக்கூடாது. ரசீதுகள், தோல் உறைகள், காலி அட்டைப்பெட்டிகள், கடிதங்கள் எதையும் எறியக்கூடாது. சில பழைய ஸ்மித் அண்ட் வெஸன்களுக்கு அட்டைப்பெட்டியே சில நூறு டாலர் கூட்டும். மதிப்பிட வருகிறவர் வாங்குகிறவராகவும் இருக்கக்கூடாது. கட்டணம் மதிப்பில் சதவீதமாக இல்லாமல் மணிக்கணக்கில் இருக்க வேண்டும். விற்கும்போது, ‘நல்லதை மட்டும் தாருங்கள், நல்ல விலை தருகிறேன்’ என்று வருபவரிடம் எச்சரிக்கை தேவை. ஆறு நல்லவை போனால், மீதி நாற்பதை வாங்க ஆள் வரமாட்டார். ஒன்று, நல்லவற்றைத் தகுந்த ஏலத்துக்கும் மற்றவற்றை உள்ளூர் வியாபாரிக்கும் என்று வாரிசே பிரிக்க வேண்டும். அல்லது முழுத் தொகுதியாகவே பேச வேண்டும்.

அருங்காட்சியகம் பற்றியும் ஒரு வார்த்தை. சாமுவேல் கோல்ட் 1862-ல் இறந்தார். அவர் சேர்த்த துப்பாக்கிகளை மனைவி எலிசபெத் நாற்பதாண்டுகளுக்கு மேல் காத்து, 1905-ல் உயில்வழி ஹார்ட்ஃபர்டின் வாட்ஸ்வொர்த் அதீனியம் அருங்காட்சியகத்துக்கு விட்டுச்சென்றார். அவற்றை வைக்கக் கட்டடம் எழுப்பப் பணமும் சேர்த்தே எழுதினார். பத்திரிகை அதிபர் ராபர்ட் பீட்டர்சனின் மனைவி, கணவர் இறந்தபின் சுமார் 400 துப்பாக்கிகளை வர்ஜீனியாவில் ரைஃபிள் சங்கத்தின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 2010-ல் அவற்றுக்கென்று ஒரு கூடமே திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட செய்திகளைப் படித்துவிட்டுச் சாதாரணக் குடும்பங்களும் கடிதம் எழுதுகின்றன. பெரும்பாலும் மறுப்புதான் வரும். அருங்காட்சியகங்களின் கிடங்குகளில் ஏற்கெனவே அதே மாடல் நாலைந்து இருக்கும். ஏற்றுக்கொண்டாலும் எந்நாளும் காட்சியில் வைப்போம் என்றோ, விற்கவே மாட்டோம் என்றோ பொதுவாக வாக்குக் கொடுப்பதில்லை. அப்படி வாக்கு வேண்டுமானால் பொருள் கைமாறுவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். வரிக்கழிவு கோரும் நன்கொடை 5,000 டாலரைத் தாண்டினால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையும் தேவை. அதை வாங்கித் தரும் பொறுப்பு கொடுப்பவருடையது, பெற்றுக்கொள்ளும் நிறுவனத்துடையது இல்லை.